தாத்தாவின் ரேலியும் பேரனின் உயரமும்

வட்டவளை

நாவலப்பிட்டியைத் தாண்டிய பிறகுதான் மலை ரயில் நிஜமாக மலையேறுகிறது. வேகம் குறைகிறது, வளைவுகள் கூடுகின்றன. கதவோரம் நின்றால் நம் ரயிலின் எஞ்சினையே எதிர் மலையில் பார்க்கலாம். 1874இல் நாவலப்பிட்டி வரை வந்த தண்டவாளம் ஹட்டனை எட்ட மேலும் பத்து வருடம் பிடித்தது. அந்தப் பத்து வருடத்தில் காப்பியை இலைத்துரு நோய் தின்று தீர்த்துவிட்டது. காப்பி இறக்கத் திட்டமிட்ட பாதையில் தேயிலை இறங்கியது.

வட்டவளையில் மழை பிடித்துக்கொண்டது. இலங்கையிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று அது. நான் புதுக்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்து மற்ற மாதங்களைத் தள்ள வேண்டும். இங்கே வருடம் முழுக்க ஏதோ ஒரு சரிவில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெட்டிக்குள் பருப்பு வடை விற்றவர் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் நான்கை மடித்துக் கொடுத்தார். கூடவே இரண்டு காய்ந்த மிளகாய். ஈரக்காற்றில் அந்தச் சூடு தொண்டைக்கு இதமாக இருந்தது.

என் தாத்தாவின் குடும்பம் இந்த மலையில்தான் இருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி மலையகத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்றானது. எங்கள் வீட்டில் தாத்தா அந்தப் பக்கம் போனார். அவர் தம்பி இந்தப் பக்கம் நின்றார். அந்தத் தம்பியின் மகன், எனக்குச் சித்தப்பா முறை, இன்றும் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் போனேன்.

டிக்கோயா

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதை தேயிலை மலைக்குள் வளைந்து இறங்கியது. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் யார் வீட்டுக்குப் போகிறேன் என்று விசாரித்தார்கள். சொன்னதும், "தப்பால்காரய்யா வீடா? கடைசிக் காம்பரா" என்றார்கள்.

சித்தப்பா தோட்டத்தில் தப்பால் வேலை பார்த்தவர். காலையில் தோட்ட ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு ஹட்டன் தபால் நிலையம் போவார், அங்கே வந்திருப்பதை எடுத்துக்கொண்டு திரும்புவார். அந்த வேலைக்காகத்தான் ஆபீசில் சைக்கிள் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றபோது ஒரு சிறு தொகை கட்டி அதைத் தனக்கே வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் செய்த ரேலி. லயத்தின் தாழ்வாரத்தில், விறகுக்கட்டுக்குப் பக்கத்தில், சாக்குப் போர்த்தி நின்றது.

1970களில் அந்தப் பையில் என்னென்ன போனது என்று சித்தப்பா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். குடியுரிமை விண்ணப்பங்கள், கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குப் போன கடிதங்கள், அங்கிருந்து வந்த பதில்கள். "ஒவ்வொரு காயிதமும் ஒரு குடும்பம், தம்பி. யாரு போறா, யாரு நிக்கிறான்னு பையிக்குள்ள இருக்கும். எனக்குப் பிரிக்க முடியாது, ஆனா கனம் தெரியும்" என்றார். எங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதத்தையும் இந்தச் சைக்கிளில்தான் கொண்டுவந்திருக்கிறார்.

சின்னம்மா கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய கனமான ரொட்டியும், அம்மியில் அரைத்த சம்பலும், சாயம் கூடிய பிளேன்டீயும் வைத்தார். ரொட்டி தின்றே மலையேறிய தலைமுறைகள் இங்கே உண்டு. எங்கள் ஊரில் சோறு தீர்ந்தால்தான் ரொட்டி. இங்கே சோறு என்பது சாயங்காலத்துக்கு.

காம்பரா என்கிற அந்த ஒற்றை அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஒரு சிறு தாழ்வாரம், பின்னே புகை படிந்த அடுப்படி. பழைய லயங்களுக்கு மலை முழுக்க ஏறக்குறைய இதே அளவுதான். சித்தப்பா பிறந்தது இதில், பிள்ளைகள் பெற்றது இதில். மகளின் மகன் வளர்ந்ததும் இதில்தான். அந்தப் பேரன் இப்போது நுவரெலியாவில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறான். தங்குமிடத்துக்கும் அச்சகத்துக்கும் நடக்கிறான். தாத்தாவின் சைக்கிளைக் கொண்டுபோக வேண்டும் என்று வந்திருந்தான்.

ஏறி உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் கைப்பிடிக்கு வந்தது. சித்தப்பா ஐந்தடிக்குச் சற்று மேல், பேரன் ஆறடியை நெருங்குகிறவன். சீட்டை உயர்த்த வேண்டும், ஆனால் அது அசையவில்லை. சித்தப்பா தன் உயரத்துக்கு இறக்கி முடுக்கிய சீட், அதற்குப் பிறகு யாரும் தொடாமல், இத்தனை வருட மழையில் சட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. மேலே இருந்த தோலும் நடுவில் வெடித்து, மூக்குப் பக்கத்து ஆணிகள் எழும்பி நின்றன. "ஹட்டன்ல பாஸ்கிட்ட போவோம், மாமா" என்றான்.

ஹட்டன்

மறுநாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். டிக்கோயா ஆஸ்பத்திரியைக் கடந்தோம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த கட்டடம். அன்று நோர்வுட்டில் கூடிய கூட்டத்தைப் பற்றிப் பேரன் சொன்னான். மலையகத்துக்குப் பத்தாயிரம் வீடு என்று மேடையில் அறிவித்தபோது எழுந்த கைதட்டல் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹட்டன் சிறிய ஊர். எல்லாத் தெருவும் ஒன்று ஏறும் அல்லது இறங்கும். மல்லியப்பு சந்தியில் நின்றால் மலையகத்தின் பாதி அரசியலும் பாதி இலக்கியமும் அந்த வழியாக நடந்து போனதை உணரலாம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1930களில் இந்த ஊரை மையமாக வைத்துத்தான் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் பாட்டாகப் பாடி அதே செய்தியை லயங்களுக்குக் கொண்டுபோனார்.

சைக்கிள் கடை கடைவீதியின் கீழ்ச்சரிவில் இருந்தது. இங்கே கைவேலை தெரிந்த எல்லோரும் பாஸ்தான். இந்த பாஸ் அறுபதைத் தாண்டியவர். சைக்கிளைப் பார்த்ததும், "தப்பால்காரய்யாவோடதா?" என்றார். மலைநாட்டில் சைக்கிள் குறைவு. ஏற்றம் மிதிக்கவும் விடாது, இறக்கம் பிரேக்கையும் விட்டுவைக்காது. அதனால் ஒவ்வொரு சைக்கிளும் அவருக்கு ஆளைப் போலத் தெரியும்.

அவர் வேலை செய்த விதத்தை அப்படியே எழுத வேண்டும். முதலில் சீட்டின் கீழே இருபக்கமும் இருந்த நட்டைத் தளர்த்திச் சீட்டைக் கழற்றினார். பிறகு சட்டத்தின் கழுத்தைப் பிடித்திருந்த போல்ட்டைச் சிறுகச் சிறுக, கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி எடுத்தார். சட்டத்தின் கழுத்தில் பின்புறம் ஒரு வெட்டு இருக்கும். போல்ட் இறுகும்போது அந்த வெட்டு சுருங்கித்தான் சீட் பில்லரைப் பிடிக்கிறது. பின்சக்கரம் வாரியடிக்கும் மழைத்தண்ணீர் நுழைகிற வாசலும் அதுவே. உள்ளே போன தண்ணீர் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால்தான் இறுகுகிறது. அந்த வெட்டில் மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். "அடிச்சா வராதுங்க. ஊறணும். நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினார். பில்லரின் வெளிமுனையை மேசையில் பூட்டிய வைஸில் கடித்து இறுக்கினார். இப்போது பில்லர் அசையாது, சட்டம்தான் சுற்ற வேண்டும். முன்சக்கரப் பக்கம் பேரன், பின்சக்கரப் பக்கம் நான். முழுச் சைக்கிளும் நெம்புகோலாகிவிட்டது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பாஸ் மேலும் எண்ணெய் விட்டு, கழுத்தைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டினார். மறுபடி தள்ளினோம். எலும்பு முறிவது மாதிரி ஒரு சத்தம். சட்டம் விரற்கடை அளவு திரும்பியது. அதற்குப் பிறகு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, சிவப்புப் பொடி கொட்டக் கொட்ட, பில்லர் வெளியே வந்தது. கீழ்ப்பாதி அரித்து, சில இடங்களில் தாள் கனத்துக்கு மெலிந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஏதோ ஓர் இறக்கத்தில் ஒடிந்திருக்கும்.

ஒரு குச்சியில் எமெரித் தாளைச் சுற்றிக் குழாயின் உள்ளே துருவைத் தேய்த்துத் துடைத்தார். புதுப் பில்லருக்குத் தேடினார். பழைய ரேலிக்கு வேண்டியது ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். கடையில் இருந்தது 25. பக்கத்தில் நின்ற ஒருவர், தகர டின்னை வெட்டிச் சுற்றி இறக்கினால் போதுமே என்றார். பாஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "மட்டமான ரோடுன்னா செய்வேன். இது நுவரெலியா போற சைக்கிள். பையன் அதுல உக்காந்து இறங்கணும்" என்றார். தலவாக்கலையில் பழைய சைக்கிள்களை வாங்கிப் பிரிக்கிற தன் சிநேகிதருக்குப் போன் செய்தார்.

2022இல் நாட்டில் டொலரும் பெற்றோலும் தீர்ந்தபோது இந்தக் கடை வாசலில் வரிசை நின்றதாம். கூரையில் கிடந்தது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது எல்லாம் இறங்கி வந்தன. புதுச் சைக்கிளின் விலை எங்கோ ஏறிவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகமும் வரவில்லை. ஒரு சைக்கிளின் நல்ல பாகத்தை எடுத்து இன்னொன்றை ஓடவைத்தார்கள். தலவாக்கலைச் சிநேகிதரின் குவியல் அப்போது சேர்ந்ததுதான்.

தலவாக்கலை

நுவரெலியாவிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கீழே போகிற லொறிகள் வெறுமையாகத் திரும்பி வரும். அப்படி ஒன்றில் சீட்டில்லாத சைக்கிளை ஏற்றிக்கொண்டோம். கொட்டகலையைத் தாண்டியதும் டெவன் அருவி, பிறகு செயின்ட் கிளையர் அருவி. 2012இல் ஓடத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரிலிருந்துதான் 150 மெகாவாட் எடுக்கிறது. நாட்டுக்கே வெளிச்சம் தரும் அந்த நீர்த்தேக்கத்தின் கரையில், சரிவு சரிவாக, புகைக்கூண்டு வைத்த பழைய லயங்கள் தெரிகின்றன.

எதிர்ச் சரிவில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடையின் கயிறு நெற்றியில். எனக்கு ஊர் நினைவு வந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் போகிற பெண்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்கூட ஏறி ஓட்டினார்கள். என் அத்தைகள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு மிதித்ததை நான் பார்த்து வளர்ந்தேன். அவர்களுடைய நடைதூரத்தைச் சைக்கிள் குறைத்தது. அதே ஊர்களிலிருந்து மலையேறியவர்களின் பேத்திகள் இங்கே எல்லாத் தூரத்தையும் காலால்தான் அளக்கிறார்கள். மலை அவ்வளவு செங்குத்து. 2021இல் போராடிப் பெற்ற நாள்கூலி 1,000 ரூபாய், 2024இல் 1,350 ஆனது. அதற்கும் நிறுத்துக் காட்ட வேண்டிய கிலோக் கணக்கு உண்டு.

தலவாக்கலைச் சிநேகிதரின் கொட்டில் நகரத்துக்குச் சற்று வெளியே இருந்தது. ரேலி, ஹம்பர், லுமாலா, சீனத்து பீனிக்ஸ், இந்தியாவிலிருந்து வந்த ஹீரோ என்று சட்டங்கள் சாய்ந்து கிடந்தன. பில்லர்களை மட்டும் ஒரு வாளியில் எண்ணெய்க்குள் நிறுத்தி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெர்னியர் வைத்து அளந்தார். சரியானது கிடைத்தது: கீழே 25.4, மேலே சீட்டின் கவ்வி உட்காரும் மெல்லிய பகுதி 22.2, அதாவது முக்காலே அரைக்கால் அங்குலம். பழையதைவிட நீளம்.

சீட்டுக்கு, பின்னால் இரண்டு கனத்த சுருள்வில் வைத்த, ரெக்ஸின் மூடிய இந்தியச் சீட் ஒன்றை எடுத்தார். பழைய தோலை என்ன செய்வது என்று கேட்டோம். நடுவில் வெடித்த தோலை இழுத்து முடுக்கிப் பயனில்லை, ஆனால் கம்பிச் சட்டம் நன்றாக இருக்கிறது, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துப் புதுத் தோல் கட்டலாம், வைத்திருங்கள் என்றார். பேரன் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டான்.

பில்லரில் கிரீஸை விரலால் வழித்துப் பூசினார். குழாய்க்குள்ளும் பூசினார். இறக்கினார். பேரனை ஏற்றி உட்காரவைத்து, பெடல் ஒன்றைக் கீழ்க்கோடியில் நிறுத்தி, குதிகாலை அதில் வைக்கச் சொன்னார். கால் நேராக நீளும் வரை உயர்த்தினார். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும், அதுதான் அளவு. சட்டத்துக்குள் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் பில்லர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டை முடுக்கினார். கடைசியில் சீட்டின் மூக்கு மட்டமாக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். மூக்கு தாழ்ந்திருந்தால் இறக்கத்தில் உடம்பு முழுக்கக் கையில் வந்து விழும் என்றார்.

பேரன் முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சைக்கிள் அவனுக்குப் பொருந்தியிருந்தது.

நானுஓயா

அங்கிருந்து நுவரெலியாவுக்குப் பேரன் மிதித்தான். நான் அவனுடைய கூட்டாளியின் ஆட்டோவில் பின்னாலேயே போனேன். லிந்துலை வரை ஓரளவு மிதித்துப் போனான். பிறகு ஏற்றம் கடுமையானது. கியர் இல்லாத கனத்த சைக்கிள். இறங்கித் தள்ளினான், மட்டம் வந்தால் ஏறினான். தேயிலைச் சரிவுகளின் இடையில் ஸ்டோர்கள் என்கிற தேயிலைத் தொழிற்சாலைகள் தெரிந்தன. ஆளுயர ஜன்னல்கள், வெள்ளித் தகரச் சுவர்கள். கொழுந்து வாடும் வாசனை ரோடு வரை வந்தது.

வழியில் ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் தோட்ட ஸ்டோர் ஒன்றில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கொழுந்தை உருட்டும் வெள்ளைக்காரன் காலத்து ரோலர்களைப் பல வருடம் ஓட்டிய கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் அவற்றைச் செய்த கம்பெனியே மூடிய பிறகும் அவற்றின் பாகங்களைத் தோட்டத்துப் பட்டறையிலேயே கடைந்து மாட்டியிருக்கிறார்கள். "மெசினு அவன் குடுத்துட்டுப் போனது. ஓடுனது எங்க கையால" என்றார். பிளேன்டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நானுஓயா நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர். 1885இல் ரயில் இங்கே வந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதையும் போட்டார்கள். இன்று அது இல்லை. மற்ற எல்லோரையும் போல நாங்களும் ரோட்டில்தான் ஏறினோம். பேரன் நனைந்த சட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, முகம் மலர்ந்து வந்தான்.

நுவரெலியா

நுவரெலியா உயரத்தில் இருந்தாலும் ஊர் ஒரு தட்டையான கிண்ணத்துக்குள் இருக்கிறது. கிரகரி ஏரியைச் சுற்றி, குதிரைப் பந்தய மைதானத்தை ஒட்டி, சைக்கிளுக்கு ஏற்ற ரோடு. வெளிநாட்டுப் பயணிகள் வாடகைச் சைக்கிளில் போகிறார்கள். அவர்களுக்கு நடுவே நாட்டிங்ஹாமில் பிறந்த கறுப்பு ரேலி அந்தரமில்லாமல் ஓடியது.

பேரன் முதலில் போன இடம் தபால் நிலையம். 1894இல் கட்டிய செங்கல் கட்டடம், கூரான கோபுரம். 2023 நவம்பரில் இதை ஹோட்டலாக்கக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்து தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாத்தாவுக்கு ஒரு தபால் அட்டை போட வேண்டும் என்றான். சைக்கிள் வந்து சேர்ந்தது என்று இரண்டு வரி எழுதினான். முகவரியில் தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஹட்டன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. அவர் வீட்டுக்கு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஆயுள் முழுக்க மற்றவர்களின் கடிதங்களைச் சுமந்தவருக்கு வரும் அட்டையும் தோட்ட ஆபீசில்தான் இறங்க வேண்டும்.

இதைத்தான் இந்தப் பயணத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மலையகத்துத் தமிழர்கள் தங்கள் கையில் கிடைத்த எல்லாவற்றையும் பழுதுபார்த்து ஓடவைத்திருக்கிறார்கள். சைக்கிள், ரோலர் எல்லாம் அவர்கள் கைபட்டுத்தான் இத்தனை காலம் நிற்கின்றன. ஒரு பேரன் தாத்தாவைவிட உயரமாக வளர்ந்தால் சீட்டை உயர்த்திக்கொள்ளலாம், ஏனென்றால் சைக்கிள் அவர்களுடையது. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவை அப்படி உயர்த்தவோ நீட்டவோ முடியாது. நிலம் தோட்டத்தின் பேரில் இருக்கிறது, ஒரு சுவர் எழுப்பவும் தோட்ட நிர்வாகியான துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். 2023இல் தமிழர்கள் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவடைந்ததை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர்கள் உயிரைக் கையில் பிடித்து நடந்து வந்த அதே வழி. அந்த நடையின் கோரிக்கைகளில் காணியும் வீடும் முதன்மையானவை. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. கிடைக்காத குடும்பங்கள் அதைவிட மிக அதிகம்.

தமிழ்நாட்டிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் ஏரியையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். வழியில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இறங்குங்கள். லயத்துக்கு யாராவது அழைத்தால் போங்கள், அவர்கள் ரொட்டியைச் சாப்பிடுங்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கேளுங்கள். உங்கள் ஊராகவே இருக்கலாம். அவர்கள் காணி கேட்கும்போது, அந்தக் கேள்வியில் நமக்கும் பங்கு உண்டு என்று உரக்கச் சொல்லுங்கள்.